ஆர்எக்ஸ்-8 மலையில் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்து ப்ளக் கோளாறு பிடிக்கும் வழி

மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் எஞ்சினில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. இரண்டு முக்கோண ரொட்டர்கள் சுழல்கின்றன. ரொட்டர் ஒன்றுக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு ப்ளக். கீழே இருப்பது முதலில் பொறி தரும், அது எல். மேலே இருப்பது ஒரு கணம் பிந்திப் பொறி தரும், அது டி. முன்பக்க ரொட்டர் 1, பின்பக்க ரொட்டர் 2. ஆகவே எல்1, டி1, எல்2, டி2 என்று நான்கு பெயர்கள். இந்தப் பெயர்கள் மனதில் நின்றால் கீழே சொல்வது பாதி புரிந்த மாதிரி.

சாதாரண பெற்றோல் எஞ்சினில் எரிப்புக்கான பொறி இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் விழும். இதில் சுற்றுக்கு ஒரு தடவை. அதோடு, ரொட்டர் எஞ்சினில் எரிப்பு நடப்பது எப்போதும் ஹவுசிங்கின் (ரொட்டர் சுழலும் கூட்டின்) ஒரே பக்கத்தில்தான். உள்ளே வருகிற குளிர்ந்த காற்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ப்ளக்குக்கு ஓய்வும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அதனால் மற்றக் கார்களில் இரிடியம் ப்ளக் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். மலையில் ஓடும் வண்டிக்கு 25,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே தள்ளி வைத்துவிடலாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சக்தியும் ஏறத்தாழ அதே அளவு குறையும். கொழும்பில் இழுத்த இழுவை ரம்பொடை ஏற்றத்தில் இல்லையே என்று ப்ளக் வாங்கப் புறப்படாதீர்கள். இழுவை குறைந்தாலும் வண்டி தடுமாறாமல் சீராகப் போனால் அது மலையின் வேலை. தடுமாறினால்தான், வெட்டினால்தான், எஞ்சின் லைட் எரிந்தால்தான் மேற்கொண்டு வாசியுங்கள்.

காலையில் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, பெற்றோல் வாடை அடிக்கிறது

மலையகத்தில் இந்தக் காருக்கு வரும் முதலாவது கோளாறு இதுதான். பெரும்பாலும் முதல் நாள் நடந்த ஒரு சின்னக் காரியத்தின் விளைவு. யாராவது கழுவுவதற்காகவோ, லொறிக்கு வழி விடவோ, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பத்தடி நகர்த்தி, உடனே நிறுத்தியிருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெற்றோலைத் தாராளமாகத் தெளிக்கும். சூடேறு முன் நிறுத்தினால் அந்தப் பெற்றோல் எரியாமல் உள்ளே தங்கி, ப்ளக்கை நனைப்பதோடு ரொட்டர் முனை சீல்களில் படிந்திருக்கும் ஒயிலையும் கழுவிவிடும். ஒயில் போனால் சீல் இறுக்கம் போச்சு, இறுக்கம் போனால் கொம்பிரஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்) போச்சு. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் பனி உறையும் காலைகளில் பற்றரியும் சோர்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் கொம்பிரஷன் இன்னும் குறையும். மெக்கானிக்மார் 'ஃப்ளட் ஆகிட்டு' என்று சொல்வது இதைத்தான்.

உடனே ப்ளக்கைக் கழற்ற ஓட வேண்டாம். முதலில் இதைச் செய்யுங்கள்:

எக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துப் பிடியுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் அடித்தால் கம்ப்யூட்டர் பெற்றோல் தெளிப்பதை நிறுத்திவிடும். காற்று மட்டும் போய்வரும். 10 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மறுபடி. மூன்று நான்கு தடவைக்குப் பிறகு காலை எடுத்துவிட்டுச் சாதாரணமாக அடித்துப் பாருங்கள். பாதி மிதிப்பது பிரயோசனம் இல்லை. அது இன்னும் பெற்றோலைக் கொட்டும். ஸ்டார்ட்டர் சத்தம் இழுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டால் இன்னொரு வண்டியிலிருந்து வயர் போட்டுப் பற்றரிக்குத் துணை கொடுங்கள். வேகமாகச் சுற்றுவதுதான் இங்கே மருந்து.

பிடிக்கவில்லை என்றால் ப்ளக்கைக் கழற்ற வேண்டியதுதான் (கழற்றும் முறை அடுத்த பகுதியில்). நான்கையும் எடுத்துத் துடைத்து, வீட்டுக்குள் சூடான இடத்தில் காயவிடுங்கள். அடுப்பு நெருப்பில் காட்ட வேண்டாம். செராமிக் வெடித்துப் போகும். ப்ளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு கொயில்களின் கனெக்டரையும் கழற்றி வையுங்கள். பிறகு எக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து 5 வினாடி ஸ்டார்ட்டர் அடியுங்கள். ப்ளக் ஓட்டைகளிலிருந்து பெற்றோல் ஆவி புகை மாதிரி சீறி வெளியே வரும். அந்த நேரத்தில் சிகரெட், வயர் அறுந்த கைவிளக்கு, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கொயிலைக் கழற்றச் சொன்னதும் இதற்குத்தான். தொங்கும் வயரில் ஒரு பொறி போதும்.

பிறகு ஒவ்வொரு எல் ஓட்டைக்குள்ளும் தேக்கரண்டி அளவு, அதாவது 5 மில்லிலீட்டர், எஞ்சின் ஒயிலைச் சிரிஞ்சால் விடுங்கள். ஒயில் எல்லா அறைக்கும் பரவ இரண்டு வினாடி ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு, காய்ந்த ப்ளக்கையும் கழற்றிய கொயில் கனெக்டர்களையும் மாட்டுங்கள். எஞ்சின் பிடித்ததும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை முற்றம் முழுக்க நிறையும். அது நீங்கள் ஊற்றிய ஒயில் எரிவது. சில நிமிடங்களில் அடங்கும். அடங்கிய பிறகு வெப்பமுள் நடுவுக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள். நனைந்து கறுத்த பழைய ப்ளக்கால் பிடிக்கவே இல்லை என்றால் புதிய நான்கைப் போடுங்கள். ஒரு தடவை நன்றாக நனைந்த ப்ளக் காய்ந்த பிறகும் குளிரில் நம்பத்தக்கதல்ல.

ப்ளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும்

தேவையானவை: உள்ளே ரப்பர் பிடி உள்ள 21 மில்லிமீட்டர் ப்ளக் சொக்கட், 3 அங்குல, 6 அங்குல எக்ஸ்டென்ஷன், வளைந்து திரும்பும் ஜொயின்ட், 10 முதல் 20 நியூட்டன் மீட்டரைச் சரியாகக் காட்டும் சின்ன டோர்க் ரென்ச், ஜக், ஸ்டாண்ட், டயருக்கு முட்டுக்கட்டை. ரிம் நட்டும் 21 மில்லிமீட்டர்தான் என்பதால் அந்த சொக்கட்டையே ப்ளக்குக்கும் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதில் ரப்பர் இல்லை. ப்ளக் உள்ளே ஆடி செராமிக்கில் மயிரிழை வெடிப்பு விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பு மூன்று மாதம் உங்களை அலைக்கழிக்கும்.

ப்ளக் நான்கும் எஞ்சினின் இடது பக்கத்தில் இருக்கின்றன. நம் நாட்டு வண்டிகளில் அது ஸ்டியரிங் இல்லாத பக்கம். இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் அந்தச் சக்கரக்குழி வழியாகக் கை போகும். இங்கேதான் மலையகத்துக்கே உரிய ஆபத்து: சமதரை கிடைப்பதில்லை. பங்களா வாசலும் சரிவு, லயத்து முற்றமும் சரிவு. சரிவில் ஜக் ஏற்றினால் கார் ஜக்கோடு நடந்துவிடும். சமமான சீமெந்துத் தரை கிடைக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டு போங்கள், ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை. ஹாண்ட்பிரேக், முதல் கியர், பின் டயருக்கு முன்னும் பின்னும் முட்டு, பிறகு ஜக், பிறகு ஸ்டாண்ட். ஜக்கை மட்டும் நம்பி சக்கரக்குழிக்குள் தலையைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சின் கைவைத்தால் சுடாத அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். ஹவுசிங் அலுமினியம். சூட்டில் கழற்றினால் ப்ளக்கோடு மரையும் சேர்ந்து வந்துவிடும்.

வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நுனியிலுள்ள ரப்பர் மூடியைப் பிடித்து இடமும் வலமும் கால் சுற்றுத் திருப்பி, பிறகு நேராக இழுங்கள். ஒவ்வொரு வயரிலும் ஒட்டு நாடா சுற்றி எல்1, டி1 என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டவர்கள்தான் கடைசிப் பகுதியை வாசிக்க வேண்டி வரும். ப்ளக்கைச் சுற்றியுள்ள சேற்றுப் பொடியைக் காற்றடித்து ஊதுங்கள். எஸ்டேட் பாதைகளில் ஓடிய வண்டியில் சிறு கல்லே கிடக்கும். அது உள்ளே விழுந்தால் ரொட்டர் சீல் அதைத் தாங்காது.

கழற்றிய ப்ளக்கை எடுத்த ஒழுங்கிலேயே ஒரு முட்டை அட்டையில் குத்தி வையுங்கள். எது எங்கிருந்து வந்தது என்பதுதான் பாதித் தகவல்.

புதியது வாங்கும்போது எல்லுக்கும் டிக்கும் வேறு வேறு ப்ளக். என்.ஜி.கே.யில் எல்லுக்கு ஆர்.ஈ.7சி-எல், டிக்கு ஆர்.ஈ.9பி-டி. எண்களில் 7, 9 என்பது வெப்ப வகை. டி ப்ளக் குளிர்ந்த வகை. மாற்றி மாட்டினால் மேலே சூடு பிடித்துத் தானாகத் தீ மூளும், கீழே கரி பிடித்து மிஸ் அடிக்கும் (எரிப்பு தவறும்). பஞ்சிகாவத்தையிலோ கண்டியிலோ வாங்கும்போது 'ஆர்எக்ஸ்-8க்கு நாலு ப்ளக்' என்று கேட்காமல், 'எல் ரெண்டு, டி ரெண்டு' என்று கேளுங்கள். ஒரே மாதிரி நாலை எடுத்து வைத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். அச்சு மங்கலாக இருந்தாலோ, செராமிக்கில் எழுத்து நகத்தால் சுரண்டினால் வந்தாலோ போலி என்று சந்தேகியுங்கள். இடைவெளியை வளைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். இந்த ப்ளக்குகள் வந்தபடியே மாட்டப்படுபவை.

மாட்டும்போது முதல் சுற்றுகள் கையால்தான். கை எட்டாத இடத்துக்கு ஓர் அடி நீளமான பெற்றோல் ஹோஸை ப்ளக்கின் வால் பக்கம் செருகி, ஹோஸைச் சுழற்றி மரையில் ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும். சொக்கட் வழுக்காது, மரையை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். முழுதாக உட்கார்ந்த பிறகு டோர்க் ரென்ச்: 13 முதல் 17 நியூட்டன் மீட்டர். இது பெரும்பாலானோர் கைக்குப் பழகிய இறுக்கத்தைவிட நன்றாகக் குறைவு. ப்ளக் துருப்பிடிக்காத பூச்சோடு வருகிறது. மரைக்குக் கிரீஸ் தேவையில்லை. பூசினால் அதே டோர்க்கில் ப்ளக் அதிகமாக இறுகிவிடும். வயர் மூடியின் உட்பக்கத்துக்கு மட்டும் சிலிக்கன் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். மழைக்காலத்தில் அதன் பலன் தெரியும்.

ரிம் நட் 88 முதல் 118 நியூட்டன் மீட்டர்; குறுக்கு மறுக்காக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

முட்டை அட்டையில் என்ன தெரிகிறது?

ரொட்டர் எஞ்சின் தானாகவே கொஞ்சம் ஒயிலை எரிப்பறைக்குள் செலுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே சற்றுச் சாம்பல் படிவு, சாக்லேட் நிறம் எல்லாம் சுகமான அறிகுறிதான். மற்றக் கார் ப்ளக் படங்களோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

நான்கும் கறுப்புப் பவுடர் பூசியது போல இருந்தால் வண்டி குளிரில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடுகிறது, அல்லது ஏற்றத்தில் பெரிய கியரிலேயே குறைந்த சுற்றில் இழுக்கப்படுகிறது. லபுக்கலை வளைவுகளில் நான்காம் கியரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் முக்கிக்கொண்டு போவது இந்த எஞ்சினுக்கு நல்லதல்ல. ஒரு கியர் குறைத்து 4,000க்கு மேல் ஓட விடுங்கள். அது அதற்காகவே செய்யப்பட்டது.

ஒரு ரொட்டரின் இரண்டு ப்ளக்கும் கறுத்து நனைந்து, மற்ற ரொட்டரின் இரண்டும் நன்றாக இருந்தால், அந்த ரொட்டரின் எல் கொயிலையோ வயரையோ சந்தேகியுங்கள். ஒரே ஒரு ப்ளக் மட்டும் நனைந்திருந்தால் அதன் சொந்தக் கொயில் அல்லது வயர்.

ஒரு ரொட்டரின் ப்ளக்குகள் மட்டும் கழுவியது போல வெளுத்து, இனிப்பு வாடை வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது அந்த ரொட்டர் மட்டும் சில வினாடி தடுமாறி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு சரியாகும். இதற்கு ப்ளக் மருந்தல்ல. எஞ்சின் பிரிக்க வேண்டிய வேலை. அதுவரை மலையில் ஓட்டாதீர்கள்.

ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் வெட்டுகிறது, எஞ்சின் லைட் மின்னுகிறது

மின்னுவதற்கும் நிலையாக எரிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மின்னினால், எரியாத பெற்றோல் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிடிக் கன்வேட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். உடனே காலைத் தளர்த்துங்கள். அப்படியே நுவரெலியா வரை மிதித்துப் போனால் கன்வேட்டர் உருகி அடைத்து, வெப்பம் திரும்பி எஞ்சினைச் சுடும். ஒரு கொயிலுக்காக எஞ்சினை இழந்த கதையாகும். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தவும் வேண்டாம்.

கோளாறு எண்ணை (கோட்) வாசிக்கும் ஸ்கேனர் பி0300, பி0301, பி0302 என்று காட்டும். பி0301 முன் ரொட்டர், பி0302 பின் ரொட்டர், பி0300 இரண்டும் கலந்து. ஆனால் ரொட்டருக்கு இரண்டு ப்ளக் இருப்பதால், கோளாறு எல் பக்கமா டி பக்கமா என்று கோட் சொல்லாது. அதை இப்படிப் பிடியுங்கள்: எல்1, எல்2 கொயில்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள், வயரும் கனெக்டரும் பழைய இடத்திலேயே இருக்கட்டும். ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். பி0301 இப்போது பி0302 ஆனால் நீங்கள் நகர்த்திய கொயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் டி1, டி2 கொயில்களைச் செய்யுங்கள். பிறகு வயர், கடைசியில் ப்ளக். எல்தான் வேலையின் பெரும்பங்கைச் செய்கிறது, அதனால் எல் கொயில் போனால் உடனே தெரியும். டி கொயில் செத்தால் பலருக்கு மாதக் கணக்கில் தெரிவதே இல்லை; பெற்றோல் கூடக் குடிக்கும், சைலன்சர் கூடச் சூடாகும், அவ்வளவுதான்.

இங்கே உயரம் ஒரு வேடிக்கை காட்டும். எரிப்பறைக்குள் காற்று அடர்த்தி குறைந்தால் பொறி பாய்வதற்குத் தேவையான வோல்டேஜும் குறையும். ஆகவே பாதி செத்த கொயில் நுவரெலியா நகரத்துக்குள் நன்றாகவே ஓடும். கண்டி தாண்டிக் கீழே இறங்கி, திரும்பி வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் மிதித்ததும் வெட்டும். 'நம்ம ஊரில் ஓடுது, கீழே போனால்தான் கோளாறு' என்றால் பெற்றோலைக் குறை சொல்லு முன் கொயிலைப் பாருங்கள். மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே வயதுள்ளவை, ஒன்று போனால் மற்றதும் வரிசையில் நிற்கிறது.

கொயில் சரியாக இருந்தும், கீழ்நாட்டு வெப்பத்தில் மிதிக்கும்போது உலோகம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டால், அது வேறு சங்கதி. உயரத்தில் 92 ஒக்டேனில் குறை தெரியாமல் ஓடியிருக்கும்; கினிகத்தேனை இறங்கி அவிசாவளைக்கு வந்தால் 95 வேண்டும்.

மூடுபனியிலும் மழையிலும் மட்டும் மிஸ் அடிக்கிறது

வெயில் வந்ததும் சரியாகிவிடும், அதனால் கராஜுக்குக் கொண்டுபோனால் பாஸ் (மெக்கானிக்) ஒன்றும் இல்லை என்பார். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மாதக் கணக்கில் ஈரம் வற்றாது. வயர் மூடியிலுள்ள சின்ன வெடிப்பு வழியே மின்சாரம் ப்ளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்புக்கே பாய்ந்துவிடும்.

இருட்டிய பிறகு பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓட விட்டு, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் கொயில், வயர், மூடி ஒவ்வொன்றின் மேலும் மெல்லிசாகத் தெளியுங்கள். பழுதான இடத்தில் நீல நிறத்தில் சின்ன நூல் போலப் பொறி ஓடுவது தெரியும். டிக் டிக் என்று சத்தமும் கேட்கும். விசிறிக்கு அருகே கையைக் கொண்டுபோகாதீர்கள், வயரைத் தொடவும் வேண்டாம். அந்த வோல்டேஜ் ஆளைத் தூக்கிப் போடும். ப்ளக்கின் வெள்ளை செராமிக்கில் பென்சில் கோடு போல நேராக ஒரு கறுப்புக் கோடு இருந்தால் அதுவும் இதே கசிவின் தடம்தான். அப்போது ப்ளக்கையும் வயரையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய தடம் புதியதிலும் கோடு போடும்.

குளிரில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானால் ஆகவில்லை

பெற்றோல் ஷெட்டில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் பிடிக்கும். இது ப்ளக் கோளாறு மாதிரித் தோன்றும், பெரும்பாலும் அப்படியல்ல. சீல்கள் தேய்ந்து, சூட்டில் ஒயில் மெலிந்து கொம்பிரஷன் விழுந்துவிட்டது. புதிய ப்ளக்கும் வலுவான ஸ்டார்ட்டரும் சில மாதம் இழுத்துத் தரும், அவ்வளவே.

அளந்து பார்க்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண மீட்டர் மூன்று அறைகளில் பெரியதை மட்டுமே காட்டும். ரொட்டரின் மூன்று பக்கத்தையும் தனித்தனியே காட்டும் மீட்டர் வேண்டும். அது கிடைக்கும்வரை, கொயில் கனெக்டர்களைக் கழற்றி, ஒரு ரொட்டரின் எல் ப்ளக்கை எடுத்துவிட்டு, எக்ஸிலேட்டரை மிதித்தபடி ஸ்டார்ட்டர் அடித்துக் காது கொடுங்கள். சப்-சப்-சப் என்று மூன்றும் ஒரே பலத்தில் கேட்க வேண்டும். சப்-சப்-ஸ்ஸ் என்று வந்தால் ஒரு சீல் போயிற்று.

இரண்டாவது, உயரம். உற்பத்தியாளர் அளவு 250 சுற்றில் 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. அறைகளுக்கிடையே வித்தியாசம் 150க்குள், ரொட்டர்களுக்கிடையே 100க்குள். இவை கடல்மட்டத்துக்கான எண்கள். நுவரெலியாவில் உள்ளே போகும் காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால், கொழும்பில் 830 காட்டும் புத்தம் புதிய எஞ்சின் அங்கே சுமார் 660தான் காட்டும். குறைந்தபட்சமான 680 அங்கே சுமார் 540 ஆகிவிடும். 1,270 மீட்டர் உயர ஹட்டனில் முறையே 710, 580. சுகமான எஞ்சினை நுவரெலியாவில் வைத்து அளந்து, '680 வரவில்லை, எஞ்சின் முடிந்தது' என்று பிரித்துப்போட்டால் அது கைக்காசை ஆற்றில் போட்ட மாதிரி. மீட்டர் தானாக உயரத்தைத் திருத்துகிறதா என்று முதலில் கேளுங்கள். திருத்தும் மீட்டரில் மேலும் கழிக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் வேகத்தையும் எழுதி வையுங்கள். 200 சுற்றில் அளந்த எண்ணை 250க்கான எண்ணோடு ஒப்பிட்டால் வீண் பயம்தான் வரும்.

நீண்ட இறக்கத்துக்குப் பிறகு மிதித்தால் ஒரு தடுமாற்றம்

ரம்பொடையிலிருந்து கம்பளைப் பக்கம் கியரில் பிடித்து இறங்கும்போது பெற்றோல் தெளிப்பு நின்றிருக்கும். ப்ளக் ஆறும், ஒயில் படியும். மறுபடி மிதித்ததும் ஒரு குலுக்கல் வந்து மறைந்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பத்து வினாடிக்கு மேல் நீடித்தால் டி ப்ளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். டி ப்ளக்கின் முன்னே உள்ள ஓட்டை மிகச் சின்னது, கரி அங்கேதான் முதலில் சேரும். அதிகக் குளிர்ந்த பந்தய ப்ளக் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஏப்ரலில் மஹகஸ்தோட்டை மலையேற்றத்துக்குப் பொருந்துவது மார்க்கெட் போய்வர உதவாது.

புது ப்ளக் போட்ட பிறகுதான் மோசமாயிற்று

வெடிச்சத்தம், குலுக்கல், இழுவையே இல்லை என்றால் வயர் இடம் மாறியிருக்கிறது. எல்1ம் எல்2ம் மாறினால் பொறி அரைச் சுற்றுப் பிசகும். எல்லும் டியும் மாறினால் பிந்தவேண்டிய பொறி முந்தும், வண்டி ஓடும் ஆனால் சுடும். கொயில் முதல் ப்ளக் வரை ஒவ்வொரு வயரையும் விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள், கண் ஏமாற்றும்.

சீரான வேகத்தில் மட்டும் மிஸ் அடித்தால், மூடி 'டக்' என்று உட்காரவில்லை. கீழே விழுந்த ப்ளக்கை மாட்டினீர்களா? சீமெந்தில் விழுந்தது, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், குப்பைக்குத்தான்.

புஸ் புஸ் என்று காற்றுப் போகும் சத்தமும், ப்ளக் அடியில் ஈரக் கறுப்பு வளையமும் இருந்தால் இறுக்கம் போதவில்லை. ஆறவிட்டுக் கழற்றி, வளையம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி 13 முதல் 17க்குள் இறுக்குங்கள். இறுக்க இறுக்க ரென்ச் அந்த எண்ணுக்கே வராமல் வழுக்கிப்போனால் அலுமினிய மரை போய்விட்டது. அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். மரை வெட்டிப் புது உள்மரை போடலாம், ஆனால் வெட்டும் தூள் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் சீல் ஹவுசிங்கைக் கீறும். வெட்டும் ஆணியில் தடித்த கிரீஸ் பூசி, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெளியே எடுத்துத் துடைத்து, முடிந்ததும் இன்னொரு ப்ளக் ஓட்டை வழியே காற்றடித்து ஊதும் பொறுமையுள்ள பாஸிடம் அந்த வேலையைக் கொடுங்கள். அதுவரை ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்.